கூடாரம் பிரித்த மூன்று நாட்கள்

மழை பிடிப்பதற்கு முன்னால் மலைமேல் இருக்கும் கூடாரங்களைப் பிரித்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, குதிரைகளின் முதுகில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் துணி பூஞ்சை பிடித்து நாறிவிடும். லாடக்காரர் பத்து வருஷமாக இந்த வேலையைச் செய்துவருகிறார். முதலில் மகனோடு, மகன் போன பிறகு மூன்று வருஷமாக மருமகளோடு.

குதிரைகளுக்கு லாடம் அடிப்பதுதான் அவருடைய தொழில். கோடை மாதங்களில் மட்டும் வெளியூர்க்காரர்களைக் குதிரைமேல் ஏற்றி, ஆறு மணி நேரம் காட்டுக்குள் கூட்டிப்போய், ஓடையோரம் கூடாரத்தில் நாலு நாள் தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்த யோசனை மகனுடையது. வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் மருமகள். தேய்ந்த லாடத்தை மாற்றவும், யாராவது குதிரைமேல் ஏறப் பயந்து அழுதால் ஓரமாக உட்கார்ந்து சிரிக்கவும் லாடக்காரர் இருந்தார்.

மகன் குதிரையிலிருந்து விழுந்து செத்தான் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியில்லை. தீவனம் வாங்க ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனவன், பின்னோக்கி வந்த லாரியைக் கவனிக்கவில்லை. முப்பத்தொரு வயது. கல்யாணமாகி இரண்டே வருஷம், குழந்தை இல்லை. லாடக்காரரின் மனைவி அதற்கும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். மருமகளை அவளுடைய அக்கா துறைமுக நகரத்துக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவள் போகவில்லை. "நாலு குதிரையையும் மாமாவையும் யார் பார்ப்பாங்க?" என்று போனில் சொல்வது லாடக்காரர் காதில் விழும். குதிரையை முதலில் சொல்லித் தன்னைக் கடைசியில் சொல்கிறாளே என்று வேடிக்கையாகக் குறைபட்டுக்கொள்வார்.

போன கோடையில் காட்டு மரங்களைக் கணக்கெடுக்க ஒரு சர்வேயர் வந்தார். பத்து நாள் கூடாரத்தில் தங்கினார். வேலை முடிந்த பிறகும், விடுமுறை என்று சொல்லிக்கொண்டு இரண்டு தடவை தனியாக வந்தார். குதிரை ஏறத் தெரியாத மனுஷன். ஏறினால் இறங்கத் தெரியாது. மருமகள் அவரைக் கேலி செய்து சிரித்தபோது, அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று லாடக்காரருக்குத் தோன்றியது. அடுத்த நிமிஷமே, சர்வேயர் எப்போது கிளம்புகிறார் என்று கேட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. மருமகள் பல் பிடுங்கிக்கொள்ள டவுனுக்குப் போயிருந்தாள். சர்வேயர் தலையைப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றார். லாடக்காரர் குதிரையின் பின்னங்காலைத் தொடை இடுக்கில் வைத்துக் குளம்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். அவங்க சம்மதம்தான். நான் முதல்ல உங்களைப் பார்த்துக் கேட்கணும்னு நினைச்சேன்" என்றார் சர்வேயர்.

லாடக்காரர் தலையைத் தூக்கவில்லை. யோசித்து வைத்திருந்த பேச்சும் இல்லை. வாயைத் திறந்தார், அதுவாக வந்தது.

"அவ எங்கிட்ட வேற மாதிரி சொன்னா தம்பி. அவளுக்கு இதுல இஷ்டமில்லை. யார் முகத்துக்கு நேராவும் இல்லைன்னு சொல்ல அவளால முடியாது. உங்க மனசு நோகக் கூடாதுன்னு பார்க்குறா. போன் பண்ணினாலும் மரியாதைக்குத்தான் பண்ணுவா. நீங்க எடுக்காம விட்டுட்டா அவளுக்கு நிம்மதி."

சர்வேயர் பையைப் பெஞ்சின்மேல் வைத்தார். "அவங்களைச் சங்கடப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகள் வருவதற்குள் லாடக்காரர் ஆப்பிள் அத்தனையையும் குதிரைகளுக்குப் போட்டார். பையை மடித்து அடுப்பில் எரித்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் மருமகள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு அதைச் சமையலறை அலமாரியில் குப்புறப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். மெலிந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க லாடக்காரருக்கு உறுத்தியது. கோடை வந்து, ஆட்கள் வந்து, போய், எல்லாம் முடிந்தது. மலைமேல் போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அங்கே கதவு கிடையாது. ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. சர்வேயர் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. தானே போய்க் கையைப் பிடித்துக் கேட்டால் போயிற்று.

இப்படி நினைத்துக்கொண்டுதான் அவர் மலைக்குக் கிளம்பிய அன்று காலையில் சேணங்களை இறுக்கினார்.

நாலு குதிரைகள். நெட்டையன், சோம்பேறி, கிழவி, சிட்டு. சோம்பேறி ஏற்றத்தில் பத்தடிக்கு ஒரு தடவை நிற்கும், வீட்டுப் பக்கம் திருப்பினால் மட்டும் பறக்கும். கிழவிக்கு வயசு ஒன்றும் ஆகவில்லை, முகம் அப்படி. சிட்டு மகனுடைய குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் கட்டைவிரல் பதித்த மாதிரி ஒரு வெள்ளை. குட்டியாக இருந்தபோது அவன் கையால் பால் குடித்தது. இப்போது மருமகள் மட்டும்தான் அதன்மேல் ஏறுவாள்.

ஏற்றம் முழுக்க லாடக்காரர் முன்னால் போனார். முதல் ஓடையைத் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தார். தாண்டினார்கள். பாறைத் திருப்பத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது, "என்ன மாமா, ஒரு மாதிரி இருக்கீங்க, முட்டி வலிக்குதா?" என்று அவளே கேட்டாள். "ஆமா, முட்டிதான்" என்றார். அவள் தைலத்தை எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் மேலே போய்ச் சேர்ந்தார்கள். மரத்துக்கு மரம் கட்டியிருந்த நீளக் கயிற்றில் குதிரைகளை வரிசையாகக் கட்டி, பொழுது சாய்வதற்குள் ஆறு கூடாரங்களில் இரண்டைப் பிரித்தார்கள். மருமகள் முளைக்குச்சிகளைப் பிடுங்கித் தண்ணீரில் அலசி, எண்ணெய்த் துணியால் துடைத்துச் சாக்கில் போட்டாள். அவர் கூடாரத் துணியின் மண்ணை விளக்குமாறால் தட்டினார். பேச நிறைய நேரம் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் மருமகளின் குரல் கேட்டது.

"மாமா, சிட்டு சரியில்லை. வாங்க."

சிட்டு தீவனத்தைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. கழுத்து வேர்வையில் நனைந்து கறுத்திருந்தது. ராத்திரி போட்ட சாணம் கொஞ்சம்கூட இல்லை. லாடக்காரர் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார். நல்ல குதிரையின் வயிறு எந்நேரமும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஒரு சத்தமும் இல்லை.

"குடல் பிரச்சினைதான்" என்றார். "குதிரைக்கு வயித்து வலின்னா நமக்கு மாரடைப்பு மாதிரி. படுத்துப் புரள விடக் கூடாது, குடல் முறுக்கிக்கும். நடத்திக்கிட்டே இருக்கணும்."

மருந்துப் பெட்டியில் ஒரே ஒரு வலி ஊசி இருந்தது. அதைப் போட்டார். மருமகள் சோம்பேறிமேல் சேணம்கூடப் போடாமல் ஏறி, போன் சிக்னல் கிடைக்கும் முகட்டுக்குப் போனாள். போய் வர இரண்டு மணி நேரம். அதுவரை லாடக்காரர் சிட்டுவை இழுத்துக்கொண்டு கூடாரங்களுக்கு நடுவே இருந்த வெட்டவெளியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அது மூன்று தடவை முழங்காலை மடித்தது. மூன்று தடவையும் அதட்டி, தள்ளி, கெஞ்சி எழுப்பினார்.

திரும்பி வந்தபோது மருமகளின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மாட்டு டாக்டர் ஒரு பண்ணையில மாட்டிக்கிட்டாராம். நாளைக்கு விடியறதுக்கு முன்னால கிளம்ப முடியாதாம். நடத்தச் சொன்னாரு. எண்ணெய் கொஞ்சம் புகட்டிப் பாருங்கன்னாரு. ஈறு நிறம் மாறினா..." என்று நிறுத்தினாள்.

"மாறினா?"

"பக்கத்துலயே இருங்கன்னாரு."

லாடக்காரர் சிட்டுவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்து, ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. உதட்டை மெல்ல விட்டார். "பரவாயில்லை, நடத்துவோம்" என்றார்.

ஒருத்தர் முன்னால் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். இன்னொருத்தர் பின்னால், அது படுக்கப் போனால் தட்டியெழுப்ப ஒரு கிளையோடு வர வேண்டும். லாடக்காரர் முன்னால், மருமகள் பின்னால். உச்சி வெயில் வந்தது, மரங்களின் நிழல் காலடிக்குள் சுருங்கியது. பிரிக்காத நாலு கூடாரங்களும் அப்படியே நின்றன. மற்ற மூன்று குதிரைகளும் தீவனத்தை விட்டுவிட்டு, தலையைத் தூக்கி, இவர்கள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இவ போயிடுவா, இல்லையா மாமா?" என்றாள் மருமகள்.

"சொல்ல முடியாதும்மா. சிலது பிழைச்சுக்கும்."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

அவர் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தார். இன்னும் ஒரு சுற்று போனார்கள். அவருடைய மௌனத்தை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அவரைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"அடுத்த வருஷம் எப்படி, யாரோட வர்றதுன்னெல்லாம் யோசிக்காதீங்க. நான் எங்கயும் போகப் போறதில்லை. இன்னொரு குட்டியைப் பார்த்துப் பழக்கிக்கலாம். நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன். போதும்."

லாடக்காரர் நின்றுவிட்டார். சிட்டுவும் நின்றது. அதன் நெற்றி வெள்ளையைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், சொன்னார்.

"சர்வேயர் வந்தாரும்மா."

"எங்க வந்தாரு?"

"வீட்டுக்கு. உன்னைக் கேட்டு வந்தாரு. நீ பல்லு பிடுங்கப் போன அன்னிக்கு. நான்தான் உனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீ சொல்லச் சொன்னதா சொன்னேன்."

அவர் அவசர அவசரமாகத் தொடர்ந்தார். "உன் நல்லதுக்குன்னு சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் பண்ணினேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா வீட்டுக்குள்ள ஒரு ஆள் நடமாட்டம் இருக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். தப்புதான். ஆனா இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. கீழ போனதும் நானே அவரைப் போய்ப் பார்க்கிறேன். கால்ல விழணும்னாலும் விழறேன். எல்லாத்தையும் சொல்லி..."

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

அவர் திரும்பினார். மருமகள் கையிலிருந்த கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம். அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க ஃபாரஸ்ட் ஆபீஸுக்குப் போனேன் இல்ல, அங்க போர்டுல பத்திரிகையைக் குத்தி வெச்சிருந்தாங்க. க்ளார்க் அம்மா, பொண்ணு நல்லா படிச்சவளாம்னு சொன்னாங்க. நானும் நல்லதுன்னு சொல்லிட்டு, சீட்டை வாங்கிக்கிட்டு வந்தேன்."

சிட்டு முனகிக்கொண்டு முன்னங்காலை மடித்தது.

"நடத்துங்க. படுத்துடப் போறா" என்றாள் மருமகள்.

அவர் கயிற்றை இழுத்தார். நடந்தார்கள். நடக்காமல் இருக்க வழியில்லை. எத்தனையோ சுற்றுக்குப் பிறகு பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"என்ன சொன்னீங்களோ அதை அப்படியே சொல்லுங்க."

அவர் சொன்னார். ஒரு வார்த்தையும் விடவில்லை. ஐந்து மாதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைகள், மறக்கவா போகிறது?

"போனை எடுக்காதீங்கன்னும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நாலு தடவை பண்ணினேன். நாலாவது தடவை கட் பண்ணினாரு." அவள் குரல் உயரவேயில்லை. "நான் என்னமோ அதிகமா பேசிட்டேன்னு நினைச்சேன். ரொம்பச் சிரிச்சுட்டேனோ, ஏற்கனவே ஒருத்தன் கூட வாழ்ந்தவ இப்படிச் சிரிக்கலாமான்னு அவர் நினைச்சுட்டாரோன்னு. அதையே யோசிச்சு யோசிச்சு எனக்கு என்மேலயே அருவருப்பு வந்துச்சு. அவரை அனுப்பின அன்னிக்கு நீங்க எனக்கு சூப் வெச்சுக் கொடுத்தீங்க. பல்லு வலிக்குதாம்மான்னு கேட்டீங்க."

"அவருகிட்டயாவது உண்மையைச் சொல்லிடறேன்."

"வேண்டாம். அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு? இனிமே நீங்க யாருகிட்டயும் எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம்."

நாலு மணி வாக்கில் சிட்டு படுத்தது. இந்தத் தடவை இருவரும் அதை எழுப்பவில்லை. மருமகள் கிளையை வீசிவிட்டு உட்கார்ந்து அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். அது புரளக்கூட இல்லை. மூக்கு விரிந்து சுருங்கியது. கண்ணில் மரங்களும் வானமும் தெரிந்தன. கால்கள் ஒரு தடவை, ஓடுவது போல, உதறின. மருமகள் அழுதாள். குதிரைக்காக அழுகிறாளா, அதை வளர்த்தவனுக்காகவா, வந்து திரும்பிப் போனவனுக்காகவா என்று லாடக்காரருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்காரும் உரிமை தனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றுகொண்டே இருந்தார். அன்று அடுப்பு மூட்டவில்லை.

செத்த குதிரையை ஓடைக்குப் பக்கத்தில் விட முடியாது. தண்ணீர் கெட்டுப்போகும். இரண்டு பேர் தோண்டிப் புதைக்கவும் முடியாது. மறுநாள் வெளிச்சம் வந்ததும், சிட்டுவின் பின்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்து, நெட்டையனையும் கிழவியையும் பூட்டி இழுத்தார்கள். கிழவி பின்னால் இருப்பது என்ன என்று மோந்து பார்த்துவிட்டு மிரண்டு துள்ளியது. மருமகள் தன் சால்வையால் அதன் கண்ணைக் கட்டினாள்.

"கயிறை இறுக்குங்க. இன்னும் கொஞ்சம். போதும், விடுங்க."

வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும்தான் வந்தன. 'மாமா' என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. வழக்கமாக அவள் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அதை ஒட்டிவிடுவாள். ஒரு பள்ளத்தில் சிட்டுவைச் சேர்த்து, மத்தியானம் வரை கல்லும் கிளையுமாகக் கொண்டுவந்து மூடினார்கள். லாடக்காரர் அதன் குளம்பிலிருந்து லாடத்தைக் கழற்றப் போனார். அது அவர் அடித்த லாடம். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

மிச்சமிருந்த கூடாரங்களையும் பிரித்தார்கள். மூன்று குதிரைகளால் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. சமையல் கூடாரத்தைச் சுருட்டி ஒரு பாறைக்கு அடியில் தள்ளினார்கள்.

"அடுத்த வாரம் வந்து எடுத்துக்கலாம்" என்றார் அவர்.

"ஆள் யாரையாவது கூட்டிட்டு வந்து எடுத்துக்கோங்க."

அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார்.

பாதி இறக்கத்தில் மாட்டு டாக்டர் மூச்சு வாங்க எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் பை, முழங்கால் வரை சேறு. மூன்று குதிரைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எப்போ?" என்று கேட்டார்.

"நேத்து நாலு மணிக்கு" என்றாள் மருமகள்.

டாக்டர் ஈறு நிறத்தையும் வயிற்றுச் சத்தத்தையும் விசாரித்தார். "முறுக்கியிருக்கும். நேத்தே நான் பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். இதை லாடக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார், அவர் முகம் அப்படி இருந்தது.

எட்டாம் நாள் மருமகள் கிளம்பினாள். அந்த எட்டு நாளும் உட்காரவில்லை. எல்லாச் சேணங்களுக்கும் எண்ணெய் தடவினாள். லாயத்தைக் கழுவிவிட்டாள். கூடாரத் துணிகளை மறுபடி ஒரு வெயில் காயவைத்து மடித்து அடுக்கினாள். எந்தக் குதிரைக்கு எவ்வளவு தீவனம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். லாடக்காரர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு தடவை, "நான் வேணா பின்கட்டுல இருந்துக்கறேன், நீ முன்பக்கம் தனியா..." என்று ஆரம்பித்தார். அவள் கையிலிருந்த துணியை நிறுத்தாமல் சேணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

பஸ் நிலையத்துக்கு அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். ஒரு பெட்டி, ஒரு கைப்பை. பஸ் புறப்படும்போது ஜன்னலருகே போய் நின்றார்.

"திட்டிட்டாவது போயேம்மா" என்றார்.

"திட்டினா உங்களுக்கு லேசா போயிடும்" என்றாள். பிறகு, "முட்டிக்குத் தைலம் ரெண்டாவது தட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.

அந்தச் சாயங்காலம் லாடக்காரர் வீட்டுக்குள் போய் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு லாயத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பாறைக்கு அடியில் விட்ட கூடாரத்தை எடுக்க அவர் மேலே போகவேயில்லை. அடுத்த கோடைக்கு முகாம் இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அவள் போன் செய்யவில்லை. அக்காவிடம் கேட்டால், "நல்லா இருக்கா, கல்யாணத்துக்கு முன்னால பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை வேலைதான்" என்பாள். அதற்குமேல் கேட்க அவருக்கு வாய் வராது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் குளம்பில் ஆணி அடிக்கும்போது கை தவறி, சதையில் இறங்கிவிட்டது. நெட்டையன் நொண்டியது. முப்பத்தைந்து வருஷத்தில் அவருக்கு அப்படி நடந்ததில்லை. ஆணியின் தலை இரண்டாகத் தெரிந்தது. பக்கத்து டவுனிலேயே கண் டாக்டர் இருக்கிறார். ஆனாலும் அவர் பஸ் ஏறி எட்டு மணி நேரம் பயணம் செய்து துறைமுக நகரத்துக்குப் போனார்.

சின்னக் கடை. சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டங்கள். மருமகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு கிழவருக்கு மூக்குப் பிடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவரைப் பார்த்தாள். அந்தக் கிழவரின் வேலையை முடித்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"உட்காருங்க. என்ன பிரச்சினை?"

"ரெண்டு ரெண்டா தெரியுதும்மா."

அவள் ஒரு கண்ணை மூடி, எதிரே மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். நாலாவது வரியில் அவர் நின்றார். இன்னொரு கண்ணில் இரண்டாவது வரியைக்கூடத் தாண்டவில்லை. ஒரு சின்ன விளக்கைப் பிடித்து, அவர் கண்ணருகே குனிந்து பார்த்தாள். அவளுடைய மூச்சு அவர் நெற்றியில் பட்டது.

"இடது கண்ணுல புரை வந்திருக்கிற மாதிரி இருக்கு. கண்ணாடி மாத்தறதுல பிரயோஜனம் இல்லை. டாக்டரைப் பாருங்க, ஆபரேஷன் சொல்லுவாரு. சின்னதுதான், ஒரே நாள். ஆனா கூட யாராவது இருக்கணும்."

"சரிம்மா."

"என்னால வர முடியாது."

"உன்னைக் கேட்க வரலை."

"தெரியும். கேட்டுடக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்தார். அவர் இதுவரை போட்டிருந்த கண்ணாடி கல்லாமேஜைமேல் கிடந்தது. அதில் காதில் மாட்டும் ஒரு கம்பி தளர்ந்து, நூலால் கட்டப்பட்டிருந்தது. மருமகள் கத்திரிக்கோலால் அந்த நூலை வெட்டினாள். இழுப்பறையிலிருந்து ஒரு திருகாணியைத் தேடி எடுத்து, ஊசி மாதிரி மெல்லிய திருப்புளியால் முடுக்கினாள். மடக்கி, விரித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் துணியால் துடைத்தாள். அவர் முகத்தில் மாட்டிவிடவில்லை, மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. விட்டா ராத்திரிதான்" என்றாள்.

அடுத்து ஒரு அம்மாள் குழந்தையோடு உள்ளே வந்தாள். மருமகள் அவர்கள் பக்கம் திரும்பினாள். லாடக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல்படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கி, பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று தெருவில் ஒருவரைக் கேட்டார்.